வளையம் கூடும் முன்பே

இரத்த அகாரில் காலனியைச் சுற்றித் தெளிந்த வட்டம் தெரிந்தால், ‘ஹீமோலைசிஸ் உண்டு’ என்று எழுதிவிட்டு அடுத்த தட்டை எடுத்துவிடுகிறோம். அந்த வட்டத்தை உண்டாக்கிய புரதம் சிகிச்சைக்கும் வழிகாட்டக்கூடியது.

ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் சுரக்கும் ஆல்ஃபா ஹீமோலைசின் (ஆல்ஃபா நச்சு) 293 அமினோ அமிலங்கள் கொண்டது, நீரில் கரைவது. நீரில் கரையும் புரதம் கொழுப்புச் சவ்வுக்குள் எப்படிப் புகுகிறது? 1996இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான படிக அமைப்பு இதைத் தெளிவாக்கியது. ஏழு மூலக்கூறுகள் சவ்வின்மேல் வளையமாகக் கூடுகின்றன. ஒவ்வொன்றும் தன்னோடு மடித்து வைத்திருந்த தண்டுப் பகுதியை நீட்டி, இரண்டு பீட்டா இழைகளைத் தருகிறது. பதினான்கு இழைகள் சேர்ந்து ஒரு குழல். இழையில் கொழுப்பை நாடும் அமினோ அமிலமும் நீரை நாடுவதும் ஒன்றுவிட்டு ஒன்றாக அமைவதால், குழலின் வெளிமுகம் சவ்வோடு ஒட்டுகிறது, உள்முகம் நீரை விடுகிறது. மிகக் குறுகிய இடத்தில் விட்டம் சுமார் 1.4 நானோமீட்டர். பொட்டாசியம் வெளியேறவும் கால்சியம் உள்ளே பாயவும் அது தாராளம்.

ஓர் இழை தனியாகக் கொழுப்புக்குள் இறங்கினால் அதன் ஹைட்ரஜன் பிணைப்புகளுக்கு இணை கிடைக்காது; ஆற்றல் கணக்கு கட்டுப்படியாகாது. அதனால்தான் முதலில் வளையம், பிறகு துளை. நிமோகாக்கஸின் நிமோலைசினிலும் இதே வரிசைதான். வளையம் மட்டும் மிகப் பெரிது, ஆல்ஃபா சுருள்கள் பீட்டா இழைகளாகவே உருமாறுகின்றன. நம் டி செல்களின் பெர்ஃபோரினும் இதே மடிப்பைக் கொண்டது என்பது 2007இல் தெரியவந்தபோது பலர் வியந்தார்கள்.

ஆக, தடுக்க வேண்டிய இடம் வளையத்துக்கு முன். ஆல்ஃபா நச்சு சவ்வில் ஒட்டாமல் தடுக்கும் சுவ்ராடாக்சுமாப் என்ற எதிர்ப்பொருள், செயற்கைச் சுவாசத்தில் இருந்த நோயாளிகளிடம் நிமோனியாவைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை என 2021இல் அறிவிக்கப்பட்டது. இதை வைத்து வழியே தவறு என்று முடிவுகட்டுவது அவசரம் என்பது எங்கள் கருத்து. இதே கிருமி பல லூகோசிடின் நச்சுகளையும் சுரக்கிறது. ஒன்றை அடைத்தால் மற்றவை வேலை செய்யும்.

இன்று கையில் உள்ள வழி, நச்சு உற்பத்தியையே நிறுத்துவது. குறைந்த செறிவில் நாஃப்சிலின் ஆல்ஃபா நச்சின் உற்பத்தியைக் கூட்டியதையும், கிளிண்டமைசினும் லினேசோலிடும் அதை அடக்கியதையும் 2007இலேயே ஆய்வகச் சோதனை காட்டியது. திசு அழுகும் கடும் தொற்றுகளில் மருத்துவர் கிளிண்டமைசினைச் சேர்ப்பது இதை நம்பித்தான். எனவே ஆய்வக நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எரித்ரோமைசினுக்குப் பணியாத ஸ்டெஃபைலோகாக்கஸில், தூண்டப்படும் கிளிண்டமைசின் எதிர்ப்பைக் காட்டும் டி-டெஸ்ட் செய்யாமல் கிளிண்டமைசின் முடிவை அனுப்பாதீர்கள்.