பூட்டின்மேற் பழி

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாள் என்பது நம் நாட்டுப் பழமொழி. ஆடுபவளைப் பழித்தற்பொருட்டே அதனை நாம் எடுத்தாளுகின்றோம். ஆயினும், கூடம் மெய்யாகவே கோணலாயிருத்தலும் உண்டு என்பதனை எம் இல்லத்து வாயிற்கதவு எமக்குக் கற்பித்தது. சிறு பொருளைப் பெரிதாக்கிப் பேசுகின்றோம் என்று எண்ணாது நண்பர்கள் சற்றே செவிசாய்ப்பார்களாக.

நெல்லைச் சீமையில் ஐப்பசி மழை தொடங்கியது முதல் அக்கதவைப் பூட்டுதல் அரிதாயிற்று. தோளால் நெருக்கிக் கைப்பிடியை மேலே தூக்கினாலன்றிச் சாவி திரும்பாது. யாம் பூட்டைப் பழித்தோம். அதனுள் எண்ணெய் வார்த்தோம். இறுதியிற் புதியதொரு பூட்டை வாங்கிப் பொருத்தினோம். ஒரு திங்களுக்குள் அதுவும் பழையதன் வழியே சென்றது. ஓரிரவு எம் அன்னையார் உள்ளிருந்து வலிந்து பூட்டியபின், காலையில் திறக்க முயலுங்கால் சாவி முறிந்து பாதி உள்ளே தங்கிவிட்டது. வேறு வாயிலில்லாத அவ்வீட்டில், தச்சர் வந்து கதவின் பலகையொன்றைப் பெயர்க்கும்வரை இரண்டு நாழிகை அவர் அடைபட்டிருந்தார். அந்நேரம் அடுக்களையில் தீப்பற்றியிருப்பின் என்னாயிருக்கும் என்று எண்ணுந்தோறும் எம் நெஞ்சு இன்றும் நடுங்குகின்றது.

தச்சர் முறிந்த துண்டை எடுத்துவிட்டுக் கதவைத் திறந்தபடியே வைத்து, மறுசாவியை இட்டு ஒரு விரலால் திருப்பினார். பூட்டின் நாக்கு தடையின்றி வெளிவந்து மீண்டது. "பூட்டு என்ன செய்யும், ஐயா? கதவல்லவோ தாழ்ந்திருக்கிறது!" என்றார். நாற்பது நாள் யாம் அறியாததை அவர் நாற்பது நொடியில் அறிந்தார்.

அவர் செய்த சோதனை யாவர்க்கும் எளியது. கதவு திறந்திருக்கும்போதும் சாவி இறுகுமாயின் குற்றம் பூட்டினது. அதனுட் புகுந்த தூசும் துருவும் காரணமாகும். அங்ஙனமாயின் எண்ணெய் வார்த்தல் நன்றன்று. அது மேலும் தூசியைச் சேர்க்கும். எழுதுகோலின் கரியைப் பொடித்துத் தூவுதலே தக்கது. திறந்தவிடத்து எளிதிற் சென்று, மூடியவிடத்து மட்டும் இறுகுமாயின், நாக்கும் நிலையிலுள்ள துளையும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை என்பது தெளிவு. நாக்கின் நுனியில் விளக்குக்கரியைத் தடவிக் கதவை மூடிச் சாவியைத் திருப்பினால், துளையின் மேலோ கீழோ எவ்விடத்தில் அது முட்டுகின்றதென்று கரியே காட்டிவிடும்.

இனி, சந்திக்காமைக்குக் காரணம் இரண்டு பெரும்பான்மை. ஒன்று கீல். கதவின் பாரம் மேற்கீலை நிலையினின்று வெளியே இழுக்கின்றது. கீழ்க்கீலை உள்ளே அழுத்துகின்றது. மேற்கீலின் திருகாணிகள் நெகிழ்ந்தால் கதவின் மறுபக்கம் தாழும். மேல்மூலை நிலையில் உராயும். கீழ்மூலை படியைத் தேய்க்கும். பாதி திறந்த கதவின் கைப்பிடியை மேலே தூக்கிப் பார்த்தால் கீலின் ஆட்டம் கண்ணுக்குப் புலனாகும். எம் கதவின் நோய் இதுவே. தச்சர் ஆணித்துளைகளில் மூங்கிற் சிம்புகளைப் பசையோடு செருகி, உலரவிட்டு, மறுநாள் திருகாணிகளை முடுக்கினார். கதவு நிமிர்ந்தது.

மற்றொன்று ஈரம். மரம் நீரை உண்டால் நெடுக்கில் மிகச் சிறிதே நீளும், குறுக்கிலேயே பருக்கும். மழையில் இறுகிப் பங்குனியில் தானே நெகிழும் கதவுக்கு இதுவே நோய். மழைக்காலத்திற் சினந்து இழைப்புளியை எடுப்பவர், கோடையில் விரல் நுழையும் இடைவெளியைக் காண்பர். உலர்ந்தபின் உராயுமிடத்தில் மட்டும் மெல்லிதாகச் சீவி, வெட்டுமுகங்களுக்கு, விசேடமாகக் கதவின் தலைக்கும் அடிக்கும், வண்ணம் பூசுதல் வேண்டும். யாரும் காணாத அவ்விடங்களை வண்ணம் பூசுவோர் விட்டுவிடுகின்றனர். நீரோ அவ்வழியே புகுகின்றது.

1778இல் இராபர்ட் பேரன் என்னும் ஆங்கிலேயர் நெம்புகோற் பூட்டைத் திருத்தியமைத்தார். நம் திண்டுக்கல் பூட்டுக்கு 2019இற் புவிசார் குறியீடு கிடைத்தது. இத்துணை நுண்ணறிவும் இறுதியில் ஒரு நாக்கு ஒரு துளையிற் புகுவதையே நம்பி நிற்கின்றது. அத்துளை நெல்லளவு விலகினும் அவ்வளவும் வீணே.

இது தச்சர் தொழிலன்றோ, கல்லூரியிற் பயில்வோர்க்கு இதனால் என்ன என்று சிலர் வினவக்கூடும். நெம்புகோலின் இயல்பைத் தேர்வுத்தாளில் எழுதி மதிப்பெண் பெற்றவர் யாமும். அந்நெம்புகோல் நாள்தோறும் எம் வாயிலில் தொங்கியும் யாம் அதனைக் கண்டிலம். இன்னுமொன்று கூற நாணுகின்றோம். தச்சர் கூலி கேட்டபோது, "நான்கு ஆணிக்கு இவ்வளவா?" என்று எம் வாய் கூறிற்று. ஆணியை முடுக்கியதற்கன்று, எந்த ஆணியை முடுக்குவதென்று அறிந்ததற்கே அக்கூலி என்பது பின்னரே எமக்கு விளங்கியது. காரணத்தை ஆராயக் கற்றவன் தச்சரின் பிழைப்பைக் கெடுப்பவனல்லன். அவர் அறிவின் விலையை அறிபவனாவான்.

இவை எல்லாவற்றினும் எம்மை வருத்துவது வேறு. யாம் தோள் வலியுடையோம். ஆதலின் நெருக்கிப் பூட்டிவிட்டு அகன்றோம். அவ்வலி அன்னையாரிடம் இல்லை என்பதனை ஒரு நாளும் எண்ணிற்றிலம். வலியவன் தன் வலியாற் குற்றத்தை மறைக்கின்றான். அதன் துன்பத்தை எளியவர் அடைகின்றனர். இது கதவுக்கு மட்டும் உரிய நீதியன்று.

விடுமுறைக்கு இல்லம் செல்லும் மாணவ நண்பர்காள்! பெற்றோர் இரவுதோறும் பூட்டும் கதவை நீவிர் இரண்டு விரலாற் பூட்டிப் பார்ப்பீராக. பூட்டாதாயின் பூட்டின்மேற் பழி சுமத்தாது, முதற்கண் கீலை நோக்குவீராக.