கை ஊன்றாமல் எழுந்திருக்க முடிகிறதா?

வளைகாப்பு வீடு. கூடத்தில் ஜமக்காளம் விரித்திருக்கிறது. வளையல் அடுக்கி, நலங்கு வைத்து முடிந்ததும் 'இலை போட்டாச்சு' என்று உள்ளேயிருந்து குரல் வருகிறது. கல்லூரிப் பெண்கள் பேச்சை நிறுத்தாமலே எழுந்துவிடுகிறார்கள். நாற்பத்தைந்தைத் தாண்டியவர்கள் முதலில் ஒரு பக்கமாகச் சாய்கிறார்கள். ஒரு கை தரையில் ஊன்றுகிறது, மறு கை தூணைத் தேடுகிறது. 'அப்பா முருகா' என்று எழுந்து நின்று, இடுப்பைப் பிடித்தபடி ஒரு நிமிஷம் நிதானித்துக்கொள்கிறார்கள். அறுபதைத் தாண்டியவர்கள் ஜமக்காளம் பக்கமே வரவில்லை. சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருக்கிறார்கள்.

'வயசாச்சுல்ல' என்று எல்லோரும் சிரித்துக்கொள்கிறார்கள். அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி, வேலை கொடுக்காமல் விட்டதால் கரைந்துபோன தசை.

சத்தமில்லாமல் கரையும் சொத்து

முப்பதுகளுக்குப் பிறகு உடம்பில் தசை மெல்லக் குறையத் தொடங்குகிறது. அறுபதுக்கு மேல் அந்த வேகம் கூடுகிறது. எடை மெஷினில் இது தெரியாது. தசை போன இடத்தில் கொழுப்பு வந்து உட்கார்ந்துகொள்வதால் எண் அப்படியே நிற்கும். இந்தத் தேய்மானத்துக்கு 1989-ல் அமெரிக்க மருத்துவர் இர்வின் ரோசன்பெர்க் 'சார்கோபீனியா' என்று பெயர் வைத்தார். கிரேக்கச் சொற்களிலிருந்து வந்த பெயர். தமிழில் சொன்னால் 'சதை வறுமை'.

தசை என்பது புஜத்தை மடக்கிக் காட்டுவதற்கு மட்டும் இல்லை. சாப்பாட்டுக்குப் பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசைதான். வாங்குகிற இடம் சுருங்கினால் சர்க்கரை ரத்தத்திலேயே சுற்றும். இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக ஐ.சி.எம்.ஆர். ஆதரவுடன் நடந்த ஆய்வு 2023-ல் கணக்குச் சொன்னது. ஒல்லியாக இருப்பவர்களுக்கும் சர்க்கரை வருவதற்கு, தசை குறைவாகவும் வயிற்றுக் கொழுப்பு அதிகமாகவும் உள்ள நம்மூர் உடல்வாகு ஒரு காரணம்.

எலும்புக்கும் தசைதான் காவல். தசை இழுக்கும்போது கிடைக்கும் அழுத்தத்தில்தான் எலும்பு உறுதியாக இருக்கும். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பு வேகமாக மெலிகிறது. காலில் பலமும் இல்லாமல் போனால், குளியலறையில் ஒரு வழுக்கல் இடுப்பு எலும்பு முறிவில் முடியும். அதுவரை தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டிருந்த பாட்டி, அன்றிலிருந்து பாத்ரூம் போகவும் ஒரு ஆள் துணை தேட வேண்டியதாகிவிடும்.

தொண்ணூறு வயதிலும் தசை சொன்னபடி கேட்கும்

போன தசை திரும்ப வருமா? 1990-ல் இதற்கு ஒரு பதில் கிடைத்தது. அமெரிக்காவின் பாஸ்டனில், முதியோர் இல்லத்தில் இருந்த 10 பேருக்கு மருத்துவர் மரியா ஃபியாட்டரோன் குழுவினர் கால்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களின் சராசரி வயது 90. ஒப்புக்குக் கொடுத்த லேசான எடை இல்லை. அவரவர் சக்திக்குக் கனமான எடை. 8 வாரம் முடித்த 9 பேருக்குக் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. இரண்டு பேர் கைத்தடியை விட்டுவிட்டு நடந்தார்கள்.

அதே ஆய்வில் இன்னொரு பாடமும் உண்டு. பயிற்சியை நிறுத்திய 4 வாரத்தில் கிடைத்த பலத்தில் ஒரு பகுதி போய்விட்டது. தசைக்கு 'ஃபிக்ஸட் டெபாசிட்' கிடையாது. மாதச் சீட்டு மாதிரிதான். கட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

'தினமும் வாக்கிங் போறேனே, போதாதா?'

நடை நல்லது. இதயத்துக்கும் மனசுக்கும் அவசியம். ஆனால் நடந்து பழகிய கால்களுக்கு அது புதிய சுமை இல்லை. தோளுக்கும் முதுகுக்கும் கைக்கும் நடையில் வேலையே இல்லை. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டியில், பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிட மிதமான உடற்பயிற்சியோடு, உடம்பின் முக்கியத் தசைகள் எல்லாவற்றுக்கும் வாரம் 2 நாளாவது பலப் பயிற்சியும் வேண்டும் என்று தனியாகச் சொல்லியிருக்கிறது. 65 வயதுக்கு மேல் சமநிலையும் பலமும் சேர்ந்த பயிற்சி வாரம் 3 நாள்.

'நாள் முழுக்க வீட்டு வேலை செய்யுறேன்' என்பதும் நியாயமான கேள்விதான். வீட்டு வேலை களைப்பைத் தருகிறது. ஆனால் பத்து வருஷமாகத் தூக்கும் அதே குக்கர், அதே துணிக்கூடை தசையை வளர்க்காது. தசை வளர, பழகிய சுமையைவிடக் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். 1945-ல் அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்ம் காயம்பட்ட வீரர்களுக்குப் படிப்படியாக எடையைக் கூட்டிப் பயிற்சி கொடுத்து எழுதியது இதைத்தான். தென்மாவட்டக் கிராமங்களில் இளவட்டக்கல்லைத் தூக்கப் பழகியவர்களுக்கும் இது தெரியும். எடுத்த எடுப்பில் யாரும் கல்லைத் தோளுக்கு மேல் போட்டுவிடுவதில்லை. முதலில் தரையிலிருந்து கிளப்ப வேண்டும், பிறகு முழங்கால், பிறகு நெஞ்சு, அப்புறம்தான் தோள்.

கூன் எங்கிருந்து வருகிறது?

'நிமிர்ந்து உக்காருடா' என்று அப்பா அதட்டினால் பையன் நிமிர்வான். இரண்டு நிமிஷத்தில் செல்போனை நோக்கித் தலை மறுபடி கவிழும். அது திமிர் இல்லை. தலையின் எடை சுமார் 5 கிலோ. அதை நெடுநேரம் தாங்க மேல்முதுகுக்கும் தோள்பட்டைக்கும் சக்தி இல்லாவிட்டால் உடம்பு தானாகத் தொய்ந்துவிடும்.

முதுகை இழுத்துக் கட்டும் பெல்ட்டுகள் இப்போது ஆன்லைனில் நிறைய விற்கின்றன. கட்டியிருக்கும் வரை நிமிர்த்தும். தசைக்குச் சேர வேண்டிய வேலையையும் அதுவே செய்துவிடும். தோரணை நிலைக்க இரண்டு வழிகள் உண்டு. முதுகு, இடுப்பு, பிட்டம் ஆகிய பின்பக்கத் தசைகளைப் பலப்படுத்துவது ஒன்று. எந்த நிலையிலும் நெடுநேரம் உறைந்திருக்காமல் அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடமாடுவது இன்னொன்று. எவ்வளவு 'சரியாக' உட்கார்ந்தாலும் மூன்று மணி நேரம் அசையாமல் இருந்தால் முதுகு வலிக்கத்தான் செய்யும்.

ஐந்தே அசைவுகள்

முழு உடம்புக்கும் பயிற்சி என்றதும் ஜிம்மில் இருக்கும் இருபது மெஷின்கள் நினைவுக்கு வரும். அன்றாட வாழ்க்கைக்கு ஐந்து அசைவுகள் போதும். வீட்டிலேயே செய்யலாம்.

*உட்கார்ந்து எழுதல்:* அசையாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட வேண்டும். கைகளை நெஞ்சில் குறுக்காகக் கட்டி, உடம்பைச் சற்று முன்னால் சாய்த்து எழுந்து, 'தொப்'பென்று விழாமல் மெதுவாக உட்கார வேண்டும். முடியாதவர்கள் இருக்கையில் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். சுலபமானதும் நாற்காலியிலிருந்து முக்காலிக்கு இறங்கலாம். பயில்வான்களின் பஸ்கிக்கு இது முதல் படி.

*குனிந்து தூக்குதல்:* 5 கிலோ அரிசிப் பை போதும். முழங்காலை லேசாக மடக்கி, இடுப்பைப் பின்னால் தள்ளி, முதுகை வளைக்காமல் குனிந்து, பையை உடம்போடு ஒட்டித் தூக்க வேண்டும். கேஸ் சிலிண்டரை நகர்த்தும்போது முதுகு பிடித்துக்கொள்ளாமல் இருக்க உதவும் அசைவு இது.

*தள்ளுதல்:* சுவரில் இரு உள்ளங்கைகளையும் வைத்து, முழங்கையை மடக்கி நெஞ்சைச் சுவரருகே கொண்டுபோய்த் திரும்பத் தள்ள வேண்டும். அது பழகியதும் சமையல் மேடை, பிறகு மாடிப்படி. கடைசியில் தரையில் எடுத்தால் அதுதான் தண்டால்.

*இழுத்தல்:* கிணற்றில் தண்ணீர் இறைத்த தலைமுறைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மோட்டார் வந்த பிறகு நம் வாழ்க்கையிலிருந்து காணாமல் போன அசைவு இது; கூன் விழுவதைத் தடுக்க மிகவும் தேவையானதும் இதுதான். ஒரு கையை நாற்காலியில் ஊன்றிக் குனிந்து, மறு கையில் தண்ணீர் பாட்டில்கள் போட்ட பையைத் தொங்கவிட்டு, முழங்கை விலாவைத் தொடும்வரை இழுக்க வேண்டும். 1 லிட்டர் பாட்டில் 1 கிலோ என்பதால் கணக்கும் சுலபம்.

*சுமந்து நடத்தல்:* இரண்டு கைகளிலும் சம எடையில் பை. தோளைத் தளர்த்தி, நேராகப் பார்த்து, வீட்டுக்குள் அரை நிமிஷம் நடந்தால் போதும். கைப்பிடி, தோள், வயிறு, முதுகு எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்யும்.

முதல் நான்கும் தலா 8 முதல் 12 முறை. கொஞ்சம் ஓய்வெடுத்து இன்னொரு சுற்று. மொத்தம் அரைமணி ஆகும். வாரத்தில் 2 நாள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி விட வேண்டும். தசை வளர்வது அந்த ஓய்வில்தான். கடைசி இரண்டு முறை சிரமமாக இருந்தால் சுமை சரி. 12 முறையும் பேசிக்கொண்டே முடிக்க முடிந்தால், அடுத்த வாரம் இன்னொரு பாட்டில் சேர்க்கலாம்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். தூக்கும்போது மூச்சை வெளியே விட வேண்டும். மறுநாள் தசையில் சோர்வான வலி இருப்பது இயல்பு. ஓரிரு நாளில் போய்விடும். மூட்டில் சுரீரென்று குத்தும் வலி வேறு, அது வந்தால் நிறுத்திவிட வேண்டும். இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், எலும்புத் தேய்மானம், சமீபத்தில் அறுவை சிகிச்சை, கர்ப்பம் என்றால் மருத்துவரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ கேட்டுவிட்டுத் தொடங்குவதே நல்லது.

வீட்டுக்கு வீடு கேட்கும் சந்தேகங்கள்

*முட்டி வலி இருக்கே, செய்யலாமா?* மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கு மருத்துவர்கள் முதலில் சொல்வதே தொடைத் தசையைப் பலப்படுத்தத்தான். வலி வராத உயரத்தில் தொடங்கினால் போதும்.

*பெண்கள் எடை தூக்கினால் ஆம்பளை உடம்பு வந்துவிடாதா?* வராது. பெண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் மிகக் குறைவு. டோக்கியோ ஒலிம்பிக்கில் 49 கிலோ பிரிவில் வெள்ளி வென்ற மீராபாய் சானு, தன் எடையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலாக, 115 கிலோவைத் தலைக்கு மேல் தூக்கினார். அவர் படத்தைப் பார்த்தாலே இந்தப் பயம் போய்விடும்.

*பிள்ளைகளுக்கு வளர்த்தி நின்றுவிடுமா?* சரியான முறையில், பெரியவர் மேற்பார்வையில் செய்தால் நிற்காது. 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கும் தசையையும் எலும்பையும் பலப்படுத்தும் செயல்கள் வாரம் 3 நாள் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கயிறு தாண்டுவதும் கம்பியில் தொங்குவதும் அதில் சேர்த்திதான்.

*புரோட்டீன் பவுடர் வாங்கணுமா?* பெரும்பாலோருக்குத் தேவைப்படாது. ஒரு கிலோ உடல் எடைக்கு நாளுக்கு 0.83 கிராம் புரதம் என்பது ஐ.சி.எம்.ஆர். பரிந்துரை, 60 கிலோ உள்ளவருக்குச் சுமார் 50 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. 50 கிராம் கொண்டைக்கடலையைச் சுண்டல் செய்தால் சுமார் 10 கிராம். சாம்பாரில் பருப்பு கெட்டியாக இருக்கட்டும். மீன், தயிர், பயறு தினம் ஏதாவது ஒன்று தட்டில் இருக்கட்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவர் சொல்லும் அளவோடு நிற்க வேண்டும்.

இன்றைக்கே ஒரு சோதனை

தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கையையோ முழங்காலையோ ஊன்றாமல் எழுந்திருக்க முடிகிறதா என்று வீட்டில் எல்லோரும் பார்க்கலாம். பிரேசில் மருத்துவர் கிளாடியோ ஜில் அராவ்ஜோ இதையே 10 மதிப்பெண் சோதனையாக வகுத்திருக்கிறார். ஒவ்வொரு ஊன்றலுக்கும் ஒரு மதிப்பெண் குறையும். வயதானவர்கள் செய்யும்போது பக்கத்தில் ஒருவர் நிற்பது அவசியம். முடியாவிட்டால் வருத்தப்பட ஒன்றுமில்லை. எத்தனை இடத்தில் ஊன்ற வேண்டியிருந்தது என்று காலண்டரில் குறித்துவைத்து, மூன்று மாதம் கழித்து மறுபடி எண்ணிப் பார்க்கலாம்.

வளைகாப்பு முடிந்தால் அடுத்து குழந்தை வரும். தவழும் பேரனோடு தரையில் உட்கார்ந்து விளையாடுவதா, நாற்காலியிலிருந்து வேடிக்கை பார்ப்பதா என்பது அந்த மூன்று மாதத்திலிருந்தே தொடங்குகிறது.