வளர்ச்சியும் வீக்கமும்
எண்ணெய்க் கிணற்றுக்குச் சேறு விற்ற ஒரு கம்பனியின் கதை

வளர்ச்சி என்னும் சொல் இக்காலத்தில் வழங்குமளவு வேறெக்காலத்திலும் வழங்கியதில்லை. நாடு வளர்கின்றது, வணிகம் வளர்கின்றது, வருவாய் வளர்கின்றது என்று நாடோறுங் கேட்கின்றோம். பயிர் வளர்கின்றது, கடனும் வளர்கின்றது, உடம்பிலே தோன்றிய கட்டியும் வளர்கின்றது. ஆதலால் ஒன்று வளர்ந்தது என்று கேட்ட மாத்திரத்தில் மகிழ்தல் அறிவுடையார்க்கு அழகன்று. எது வளர்ந்தது, எதனைப் பற்றி வளர்ந்தது, பற்றுக்கோடு சாயின் அது நிற்குமா என்று வினாவுதல் வேண்டும்.

இவ்வினாவை எழுப்புதற்கு ஏற்றதொரு நிகழ்ச்சி அண்மையில் அமெரிக்க ஐக்கிய நாட்டில் நடந்தது. ரெக்சாஸ் மாநிலத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த நியூபார்க் றிசோசஸ் என்னும் கம்பனி, தன் வருவாயிற் பெரும்பகுதியை ஈட்டித் தந்த தொழிலை 2024 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் எஸ்.சி.எவ். பாட்னேர்ஸ் என்னும் முதலீட்டு நிறுவனத்திற்கு விற்று நீங்கியது. அடிப்படை விலை 12 கோடியே 75 இலட்சம் டொலர். அவ்வாண்டு முடியுமுன்னரே தன் பெயரையும் என்.பி.கே. இன்ரர்நஷனல் என்று மாற்றிக்கொண்டது. அது விற்ற தொழில், எண்ணெய்க் கிணறு துளைப்போர்க்கு வேண்டிய சேற்றைச் செய்து கொடுக்குந் தொழிலாகும்.

சேற்றின் சிறப்பு

சேறு என்றதும் நகைக்க வேண்டியதில்லை. அறிஞர் நூல்களிலே அது துளையிடு பாய்மம் என்று கூறப்படினும், கிணற்றடியில் உழைப்போர் அதனைச் சேறென்றே அழைப்பர். அதனைப் பரிசோதித்துப் பக்குவஞ் செய்பவரும் சேற்றுப் பொறியியலாளர் என்றே பெயர் பெறுவர்.

நிலத்தைப் பல்லாயிரம் அடி துளைக்கும்போது, துளைமுனை பாறையோடு உராய்ந்து சூடேறும். வெட்டுண்ட கற்றூள் அடியிலே தேங்கித் துளையை அடைக்கும். பக்கச் சுவர்கள் இடிந்து விழும். இவற்றினும் பெரிய இடர், பாறையினுள்ளே அழுத்தத்தோடு அடங்கியிருக்கும் வாயுவும் எண்ணெயும் வழி கண்டவுடன் மேலே சீறி எழுதலாகும். இத்தனைக்கும் மருந்து சேறு ஒன்றே. துளைகுழாயின் உள்ளே இறங்கி, முனையின் வழியே வெளிப்பட்டு, குழாய்க்கும் சுவருக்கும் இடையே மேலேறி வருங்கால், அது முனையைக் குளிர்விக்கின்றது. கற்றூளை ஏந்தி வருகின்றது. சுவரின்மேல் மெல்லிய பூச்சாகப் படிந்து அதனைக் காக்கின்றது. தன் பாரத்தினாலே கீழுள்ள வாயுவை அடக்கி வைக்கின்றது. பாரங் குறைந்தால் வாயு மேலெழும். மிகுந்தால் பாறை பிளந்து சேறு மறைந்தோடும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய வழியிலே சேற்றை நிறுத்துதலே அப்பொறியியலாளரின் கலை.

ரெக்சாசிலே போமொன்ற் நகரையடுத்த ஸ்பிண்டில்ரொப் மேட்டில் 1901 ஆம் ஆண்டு சனவரி 10 ஆந் திகதி எண்ணெய் பீறிட்டெழுந்த கிணற்றைத் துளைத்தவர்கள், குளமொன்றிலே மாடுகளை ஓட்டி மிதிப்பித்துச் சேறு உண்டாக்கினர் என்று கூறுவர். 1920 களிலே லூயிசியானாவில் ஸ்திரௌட் என்பார், பாரமான கனிப்பொருட்களைப் பொடி செய்து சேற்றிற் கலந்து வாயுவை அடக்கும் வழியைக் கண்டார். அக்கனிப்பொருட்களுட் சிறந்தது நீரினும் நான்கு மடங்குக்கு மேற் பாரமான பரைற்று. வர்ணப்பூச்சுக்கு வேண்டிய பொருள்களை விற்றுவந்த நஷனல் லெட் கம்பனி அதனைப் பரோயிட் என்னும் பெயரால் விற்கத் தொடங்கியது. மாடு மிதித்த சேறு இரசாயனவியலாரின் கைக்கு வந்த வரலாறு இதுவாகும். உலகின் மிகப் பெரிய பரைற்றுப் படிவுகளுள் ஒன்று பழைய கடப்பை மாவட்டப் பகுதியாகிய மங்கம்பேட்டையில் உள்ளது. தென்னிந்திய மண்ணிலே வெட்டிய கல் தொலைதேசத்துக் கிணறுகளிலே வாயுவை அடக்குகின்றது.

அடக்காவிடின் விளைவது யாது என்பதை 2010 ஆம் ஆண்டு ஏப்பிரில் 20 ஆந் திகதி உலகங் கண்டது. மெக்சிக்கோ வளைகுடாவில் மக்கொண்டோ என்னும் கிணற்றை மூடி விலகுதற்கு ஆயத்தஞ் செய்தோர், பாரமான சேற்றை அகற்றிக் கடனீரை நிரப்பிக்கொண்டிருந்தனர். அடியிலிட்ட சீமெந்து அடைப்பு வாயுவைத் தடுக்கவில்லை. மேடை வெடித்தெரிந்தது; பதினொருவர் மாண்டனர். அவ்விபத்திற்குக் காரணங்கள் பல. ஆயினும், பிழைத்த அடைப்புக்கு மேலே பாரமாக இருந்து காத்திருக்கக்கூடிய சேறு அவ்வேளையில் அங்கே இல்லை.

வளர்தற்கு எடுத்த வழிகள்

இத்துணை இன்றியமையாத பொருளை விற்பவன் செல்வனாகவே இருப்பான் என்று நாம் கருதுவோம். நியூபார்க்கின் வரலாறு வேறாகும். 1932 ஆம் ஆண்டு தோன்றிய அக்கம்பனி 1990 களின் பிற்பகுதியிலே சேற்றுத் தொழிலிற் புகுந்தது. அக்களத்திலே மல்லர் பலர் நின்றனர். பரோயிட் 1998 இல் ஹலிபேட்டன் கம்பனியின் கீழ் வந்தது, எம்.ஐ. சுவாக்கோ 2010 இல் முழுவதும் சுலும்பேர்ஜர் கம்பனியின் வசமாயிற்று. இப்பெருங் கம்பனிகள் சேற்றை மாத்திரம் விற்பனவல்ல. துளைமுனை, சீமெந்து, அளவைக் கருவி என்று ஒரு கிணற்றுக்கு வேண்டிய பலவற்றையும் ஒருங்கே கொடுக்க வல்லன. சேற்றிலே இலாபங் குறையினும் மற்றொன்றிலே ஈடு செய்துகொள்ளும் வலிமை அவற்றுக்குண்டு. தனித்து நிற்பவனுக்கு அவ்வலிமை இல்லை.

ஆகவே நியூபார்க் பல வழிகளால் வளர முயன்றது. முதலாவது, நாடு கடந்து செல்லல். 2002 இல் இத்தாலிய நாட்டு ஆவா என்னும் சேற்றுக் கம்பனியை வாங்கி, அதன் வாயிலாக மத்தியதரைக் கடற்புறத்து நாடுகளிலே காலூன்றியது. பின்னர் அல்ஜீரியா, குவைத், பிரேசில் முதலிய நாடுகளின் அரச எண்ணெய் நிறுவனங்களுக்கும் தொண்டு செய்தது. இரண்டாவது, பக்குவத்தைத் தனதாக்கல். டீசல் முதலிய எண்ணெயாற் செய்யப்படுஞ் சேறு விரைவாகத் துளைக்க உதவும். ஆனால் சுற்றாடலுக்குக் கேடு விளைப்பது. நீராற் செய்த சேற்றைக் கொண்டே அவ்விரைவைப் பெறலாம் என்று கூறி, எவலூசன் என்னும் பெயரால் ஒரு சேற்றை 2010 இல் அது விற்பனைக்குக் கொணர்ந்தது. மூன்றாவது, மூலப்பொருளைத் தானே அரைத்தல். பரைற்றை அரைக்கும் ஆலைகளை எக்சலிபார் என்னும் பெயரில் நடத்தியது. நான்காவது, கடலாழத்திற் புகுதல். லூயிசியானாக் கரையிலுள்ள பூர்ச்சோன் துறைமுகத்திலே பெரும் பொருள் செலவிட்டு ஆழ்கடற் கிணறுகளுக்கான சேற்றுத் தளத்தை விரிவாக்கியது. இவற்றுக்கு வேண்டிய முதலைத் திரட்டுமுகமாகக் கழிவகற்றும் பிரிவை 2014 இல் 10 கோடி டொலருக்கு விற்றது.

இவ்வழிகளுள் எதனையும் மடமை என்று கூறல் இயலாது. ஒவ்வொன்றும் நன்கு சிந்தித்து எடுத்ததே. 2014 ஆம் ஆண்டில் அதன் வருவாய் 110 கோடி டொலரைக் கடந்தது.

பிறர் கையிற் கடிவாளம்

அவ்வாண்டின் நடுப்பகுதியிலே ஒரு பீப்பா எண்ணெய் நூறு டொலருக்கு மேல் விற்றது. நவம்பரில் ஒபெக் நாடுகள் உற்பத்தியைக் குறைப்பதில்லை எனத் துணிந்தன. 2016 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் விலை முப்பது டொலருக்கும் கீழே வீழ்ந்தது. 2014 இன் பிற்பகுதியிலே அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1900 இற்கு மேற்பட்ட துளைகருவிகள் இயங்கின. 2016 மே மாதத்திலே எஞ்சியவை 404 மாத்திரமே. துளைகருவி நின்ற இடத்திற் சேறு வேண்டுவாரில்லை. நியூபார்க்கின் வருவாய் இரண்டே ஆண்டில் 47 கோடி டொலரளவிற்குச் சுருங்கியது. சற்றே தேறி எழுந்த வேளையில் 2020 ஆம் ஆண்டுப் பெருநோய் வந்தது. அவ்வாண்டு ஒகஸ்டில் துளைகருவிகள் 244 ஆகக் குறைந்தன.

விலை ஏறினால் எல்லாம் மீளும் என்று பலரும் நம்பியிருந்தனர். 2022 இல் உக்ரெயின் போர் மூண்டபோது விலை மீண்டும் நூறு டொலரைக் கடந்தது. ஆயினும் பழைய நிலை திரும்பவில்லை. அவ்வாண்டின் இறுதியிலே இயங்கிய துளைகருவிகள் எண்ணூறுக்கும் குறைவு. முன்னர்க் கடன் வாங்கியேனும் கிணறு துளைத்த எண்ணெய்க் கம்பனிகள், இப்போது கிடைத்த இலாபத்தைப் பங்குதாரருக்கே பகிர்ந்தளிக்க விரும்பின. அன்றியும், ஒரே கருவி முன்னினும் விரைவாகவும் நெடுந்தூரங் கிடையாகவும் துளைக்கும் ஆற்றலைப் பெற்றுவிட்டது. அதனால், 2014 இல் இயங்கிய கருவிகளுட் பாதிக்கும் குறைவானவற்றைக் கொண்டே 2023 இல் அந்நாடு அதற்கு முன் என்றும் எடுத்திராத அளவு எண்ணெயை எடுத்தது. எண்ணெய் பெருகினாற் சேற்று வணிகமும் அதே அளவிற் பெருகும் என்ற பழைய கணக்கு பொய்த்தது.

இத்தொழிலுக்கு இன்னுமொரு குறையுண்டு. பரைற்றும் களியும் இரசாயனங்களும் பல துறைமுகங்களிலே குவித்து வைக்கப்படல் வேண்டும். அழைப்பு வந்த நாளிலே பொருள் இல்லையெனின் கிணறு நிற்கும். பொருளை வைத்திருப்பின் முதல் முடங்கும். விற்ற பொருளுக்கான பணம் கைக்கு வரவும் காலஞ் செல்லும். ஆகவே விற்பனை மிகுந்தோறும் முடங்கும் முதலும் மிகும். மரம் உயர்ந்தோறும் வேரிலுள்ள நீரெல்லாம் இலைக்கே செலவாவது போன்றது அந்நிலை.

பாய் விரித்த வழி

இந்நிலையில் அக்கம்பனியைக் காத்தது எளியதொரு பொருள். லூயிசியானாவின் சதுப்பு நிலத்திலே பாரவண்டிகள் புதையாமற் செல்லப் பலகைகளைப் பரப்புதல் வழக்கம். நியூபார்க் அப்பலகைகளுக்கு ஈடாக வலிய பிளாஸ்ரிக்கினாற் பெரும் பாய்கள் செய்தது. எண்ணெய்க் கிணற்றுக்குப் பாதையாகத் தோன்றிய அப்பாய்கள், மின்கம்பி நிறுவுவோர்க்கும் பயன்படும் என்பது பின்னர்த் தெரிந்தது. விற்பதோடு வாடகைக்கும் கொடுத்தனர். ஒரு பாய் பல இடங்களிற் பலமுறை உழைத்துப் பணந் தந்தது. 2023 இல் சேற்றின் வருவாய் ஏறத்தாழ 54 கோடி டொலர். பாயின் வருவாய் 20 கோடியளவே. ஆயினும் இலாபமாக எஞ்சியது பாய்ப் பிரிவிலேதான் மிகுதி.

மத்தியு லனிகன் 2022 இல் தலைமை ஏற்றபின் துணிவு பிறந்தது. அவ்வாண்டிலேயே பரைற்று ஆலைகளைச் சிம்பார் என்னும் கம்பனிக்கு 7 கோடி டொலரளவிற்கு விற்றனர். மெக்சிக்கோ வளைகுடாச் சேற்றுத் தொழிலையும் கைவிட்டனர். 2024 இல் எஞ்சியதும் போயிற்று. ஓராண்டில் 54 கோடி டொலர் வருவாய் தந்த தொழில், அதில் நாலில் ஒரு பங்கினும் குறைந்த விலைக்கு விலைப்பட்டது என்பதை வாசகர் ஊன்றி நோக்குதல் வேண்டும். வருவாயின் பருமனுக்கும் தொழிலின் மதிப்புக்கும் உள்ள தூரத்தை இதனினுந் தெளிவாகக் காட்ட இயலாது.

விற்றமை தகுமா?

இது பற்றி இரு கருத்துக்கள் உள. தான் ஆளமுடியாத விலைக்கு அடிமையாயிருத்தலினும், சிறிதாயினும் தனக்கென ஒரு நிலத்திலே நிற்றல் மேல் என்பது ஒன்று. கால் நூற்றாண்டாகச் சேர்த்த அறிவும், பல நாடுகளிலே பழகிய தொழிலாளரும், பரிசோதனைச் சாலைகளும் கணக்கேட்டிலே ஒரு வரியாகக் குறுகிவிட்டன என்பது மற்றொன்று.

எமக்கு முதற் கருத்தே வலியுடைத்தாகத் தோன்றுகின்றது. ஆயினும் இரண்டாவதை ஒதுக்குதற்கில்லை. நியூபார்க் செய்த பிழை, விற்றதிலும் பார்க்க, விரித்த காலத்திலே உள்ளது. எண்ணெய் விலை உயர்ந்திருந்த நாளிலே, அது என்றும் உயர்ந்தே நிற்கும் என்பதுபோலத் தளங்களை விரித்தது. மாரி வெள்ளத்தின் மட்டத்தை அளவாக வைத்துக் குளத்துக்கு வயல் திருத்தியவன் கோடையிலே வருந்துவான். பாய்த் தொழிலோ, கிணற்றையே நம்பியிராமல் வேறொரு தேவையையும் தேடிக்கொண்டமையால் நின்றது. விற்பனை மாத்திரம் பெருகுவது வீக்கம். வேறு நிலத்திலும் நிற்கக் கற்றுக்கொள்வது வளர்ச்சி. ஒன்று சொல்லுதும்: அச்சேற்றுத் தொழில் அழிந்தொழியவில்லை. புதிய உடைமையாளரின் கீழே அது நடைபெறுகின்றது. அறிவு கைமாறியது, இறந்துபடவில்லை.

இக்கதையில் நமக்கும் பங்குண்டு. 2011 ஆம் ஆண்டு மன்னார்ப் படுகையிலே கெயான் லங்கா கம்பனி கிணறுகள் துளைத்து, டொராடோ, பரக்கூடா என்னும் இரண்டிலே வாயுவைக் கண்டது. துளைத்த கப்பல் யப்பான் நாட்டுச் சிக்கியூ. 2015 இல் அக்கம்பனி நீங்கிவிட்டது. வாயு இன்னும் கடலடியிலேயே கிடக்கின்றது. என்றேனும் ஒருநாள் அதனை எடுக்க முனைவோமாயின், கப்பலும் சேறும் அவற்றை அறிந்தாரும் கூலிக்கு வருவர்; விலை வீழ்ந்த நாளிலே விடைபெற்றுஞ் செல்வர். வாயுவினால் வரும் வருவாயை எண்ணித் திட்டமிடுவோர், அவ்வருவாயின் கடிவாளம் எவர் கையிலுள்ளது என்பதையும் எண்ணுதல் வேண்டும். அதனினும் முந்த வேண்டியது, மண்ணியலும் இரசாயனவியலும் வல்ல மாணவரை நம் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் ஆயத்தஞ் செய்தலாகும். கற்றவன் கிணறு வற்றினும் வேறு தொழில் செய்வான். வாயு விலை எவ்வாறாயினும் நாட்டிலே நிலைத்து நிற்கக்கூடிய வளர்ச்சி அதுவே என்பது எமது துணிபு.