நமக்கென்று ஒரு அரைமணி நேரம்

மகளிர் தினம் வருகிறது. வழமைபோல மேடை போடுவோம், பொன்னாடை போர்த்துவோம். பெண் இல்லாவிட்டால் மலையகமே இல்லை என்று யாராவது ஒருவர் தொண்டை கட்டப் பேசுவார். சாப்பாட்டுப் பார்சல் கட்டுவதும், கூட்டம் முடிந்ததும் கதிரை அடுக்குவதும் வழமைபோல அக்காமாரின் வேலையாக இருக்கும். இந்த வருடம் மேடை ஏறுவதற்கு முன்னால் ஒரு விடயத்தைப் பேசிவிட வேண்டும் என்று நினைக்கிறோம்.

சென்ற மாதம் கொட்டகலைப் பக்கத் தோட்டம் ஒன்றில், பிள்ளைக் காம்பராவின் திண்ணையில், மாதர் குழுக் கூட்டம் வைத்தோம். பனிக்காலம், கொழுந்து குறைவு. கிலோ எட்டாமல் அரைப்பேர் விழுந்த கோபம் எல்லோரிடமும் இருந்தது. சம்பளத்தைப் பற்றித்தான் பேசுவார்கள் என்று கொப்பியோடு போனோம். பேசினார்கள். ஆனால் அந்தப் பேச்சு சீக்கிரம் முடிந்தது, ஏனென்றால் அதில் இரண்டு அபிப்பிராயம் யாருக்கும் இல்லை. பிறகு தேத்தண்ணி வந்தது. நன்றாகச் சீனி போட்ட தேத்தண்ணி. அதைக் குடித்துக்கொண்டே ஒரு அக்கா சொன்னார்:

"டீச்சர், நான் ஒரு களவு செய்றேன். வீட்டுல யாரும் இல்லாத நேரம் சீனி டின்னத் தொறந்து ஒரு கரண்டி அள்ளி வாயில போட்டுக்குவேன். கொறஞ்சிருச்சேன்னு புள்ளைங்க கேட்டா எறும்பு தின்னுருச்சின்னு சொல்லிருவேன்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் இன்னொருவர் ஆரம்பித்தார். கூட்டம் அதற்குப் பிறகுதான் கூட்டமானது. நாமும் கொப்பியை மூடி வைத்துவிட்டோம்.

ஒருவர் தண்ணீர் எடுக்கப் போகிறேன் என்று பீலிக்குப் போவாராம். குடம் நிரம்பி வழிந்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்பாராம். தண்ணீர் விழும் சத்தத்தில் வீட்டிலிருந்து கூப்பிடுவது கேட்காது, அதற்காக. கல்யாணமாகி இரண்டு வருடமான ஒரு தங்கச்சி, கையில் போனோடு கக்கூசுக்குள் போய் உட்கார்ந்துகொள்வாராம். பாட்டுப் பார்ப்பதற்கு. "உள்ளுக்கு கொண்டி போடக்கூடிய கதவு எங்களுக்கு அது ஒண்ணுதான் அக்கா" என்றார். கொழும்பில் நான்கு வருடம் வேலை செய்துவிட்டுத் திரும்பியிருக்கும் ஒரு பிள்ளை, அங்கே சம்பளமும் பற்றவில்லை, சாப்பாடும் சரியில்லை, ஆனால் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருந்தது என்றது. இங்கே ஞாயிறு என்றால் துணி துவைக்கிற நாள்.

நமக்கும் ஒன்று உண்டு. பாடசாலை விட்ட பிறகு கொப்பி திருத்த இருக்கிறது என்று சொல்லி வகுப்பறையில் இருபது நிமிடம் இருந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறோம். கொப்பி திருத்துவது பாதி நாளில்தான். மற்ற நாட்களில் சும்மா இருக்கிறோம், ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டு. இதை இன்றைக்கு வரைக்கும் வீட்டில் சொன்னதில்லை. இந்த இதழ் வீட்டுக்கும் வரும் என்பதால் இனிச் சொல்லாமல் இருக்கவும் முடியாது.

ஒன்றைக் கவனித்தோம். இருபது நிமிடம் உட்கார்ந்ததை, ஒரு கரண்டி சீனியை, ஒரு பாட்டைச் சொல்லும்போது எல்லோரும் 'களவு' என்ற சொல்லைத்தான் பாவித்தார்கள். யாருடைய நேரத்தை யார் களவெடுத்தது?

ஒரு நாளைக் கணக்குப் பார்ப்போம். நாலரைக்கு எழும்பி அடுப்பு மூட்டி, தண்ணீர் பிடித்து, ரொட்டி தட்டி, பகலுக்கும் கட்டி, பிள்ளைகளை வெளிக்கிடுத்தி, கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு ஓட வேண்டும். அதற்குப் பிறகு மலை. பதினாறோ பதினெட்டோ இருபதோ, தோட்டத்துக்குத் தோட்டம் மாறும் கிலோ. பகல் நிறுவை, அந்தி நிறுவை, அங்கே வரிசையில் நிற்கிற நேரம். வருகிற வழியில் ஒரு கட்டு விறகு. வீட்டுக்கு வரும்போது ஆறு மணியாகிவிடும். பிறகு இரண்டாவது பெரட்டு. அதற்குக் கணக்கப்பிள்ளையும் இல்லை, செக்ரோலும் இல்லை, பேரும் விழாது. படுக்கும்போது பத்து மணி தாண்டும்.

எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் உறக்கம், மிச்சம் எட்டு மணி நேரம் தொழிலாளிக்குச் சொந்தம் என்ற கோரிக்கையிலிருந்துதான் நாம் கொண்டாடும் மே தினம் பிறந்தது. 1886இல் சிக்காகோவில் இரத்தம் சிந்தியது அதற்காக. வருடாவருடம் நாம் அதை மேடையில் சொல்கிறோம். மூன்றாவது எட்டு மணி நேரத்தில் ஒரு அரைமணியாவது நமது வீட்டுப் பெண்ணுக்குக் கிடைத்ததா என்று இதுவரை எந்த மேடையிலும் கேட்கவில்லை. கேட்காதவர்களில் நாமும் உண்டு.

சம்பளத்தைச் சின்ன விடயம் என்று சொல்ல வரவில்லை. ஆயிரம் ரூபாய்க்காக எத்தனை வருடம் ரோட்டில் நின்றோம், அது 2021 மார்ச்சில்தான் வந்தது. 2024 மே தினத்தன்று இதே கொட்டகலையில் மேடையேறி 1700 ரூபாய் என்றார் அன்றைய ஜனாதிபதி. கம்பனிகள் நீதிமன்றம் போயின. கடைசியில் 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்தது 1350. அந்தச் சண்டை முடியவில்லை, முடியவும் விடமாட்டோம். ஆனால் நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்க்காவிட்டால் அந்தச் சண்டையிலும் நமக்குப் பாதிதான் கிடைக்கும்.

பழைய ஆட்களுக்குத் தெரியும், ஒரு காலத்தில் ஒரே மலையில் வேலை செய்த ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த சம்பளம். 1984ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான் நாட்சம்பளம் சமமானது. அது பெரிய வெற்றி. ஆனால் சமமானது காசு மட்டும். கவ்வாத்துக்கோ, மருந்தடிக்கவோ, கான் வெட்டவோ போகிற ஆள் பல தோட்டங்களில் பகல் ஒன்று, இரண்டு மணிக்கெல்லாம் வேலை முடித்து இறங்கிவிடுகிறார். அதே நாட்சம்பளத்துக்குக் கொழுந்தெடுக்கிற பெண் நாலரை, ஐந்து வரைக்கும் மலையில் நிற்கிறார். நாற்பது வருடமாக இது நம் கண் முன்னால் நடக்கிறது. கவ்வாத்து லேசான வேலை என்று சொல்லவில்லை. அது முதுகை உடைக்கிற வேலை. ஆனால் இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தவர், ஆறு மணிக்கு வருகிறவள் வந்து அடுப்பு மூட்டட்டும் என்று இஸ்தோப்பில் உட்கார்ந்திருப்பதற்கு எந்தக் கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தோம்?

இதைச் சொன்னால் தோழர்கள் சிலருக்குக் கோபம் வரும். ஆம்பிளைக்குப் பாரம் இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறது. பிள்ளையின் படிப்புச் செலவு, நகையடகு, தீபாவளி முற்பணம் பிடித்த பிறகு கையில் வருகிற சம்பளம், எல்லாம் அவருக்கும் பாரம்தான். அந்தப் பாரத்தை இறக்க அவர் டவுனுக்குப் போகலாம், சந்தியில் நின்று கதைக்கலாம், சிலர் வேறு இடத்துக்கும் போகிறார்கள், அது எல்லோருக்கும் தெரிந்த கதை. பெண்ணுக்கு இருப்பது ஒரு வாய் வெற்றிலை.

வெற்றிலையைப் பற்றிக் கூட்டத்தில் நிறையப் பேசினோம். ஏன் விட முடியவில்லை என்று கேட்டோம். குளிருக்கு, பசி தெரியாமல் இருக்க, வாய் பழகிவிட்டது என்று பதில்கள் வந்தன. அறுபதை நெருங்கும் ஒரு அம்மா மட்டும் வேறு மாதிரிச் சொன்னார்: "சும்மா நின்னா ஏன் நிக்கிறன்னு கங்காணி கேப்பான். வெத்தல மடிக்கிறப்ப கேக்கமாட்டான்." அதைக் கேட்டபோது, வெற்றிலையை விடு என்று இத்தனை நாள் நாம் சொன்ன புத்திமதி எவ்வளவு வெறுமையானது என்று தோன்றியது. அவருடைய ஆசை பாக்கின் மேல் மட்டும் இல்லை. அந்த இரண்டு நிமிடத்தின் மேல்.

ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடக் கூடாது. புகையிலை சேர்க்காவிட்டால் பரவாயில்லை என்று பலர் நினைக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம், பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்று 2004இல் அறிவித்துவிட்டது. இலங்கை ஆண்களை அதிகமாகத் தாக்கும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். வாய்க்குள் வெள்ளையாகவோ சிவப்பாகவோ தழும்பு, இரண்டு மூன்று கிழமையாக ஆறாத புண், வாய் முழுதாகத் திறக்க முடியாத இறுக்கம் இருந்தால் நாள் கடத்தாமல் வைத்தியசாலையில் காட்டுங்கள். ஆரம்பத்தில் கண்டால் காப்பாற்றலாம். அரைப்பேர் போனால் போகட்டும்.

இன்னொரு ஆசையையும் ஒரு தங்கச்சி தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். வயிற்றில் பிள்ளை. அடுப்புக்கட்டி மண்ணைச் சுரண்டித் தின்னத் தோன்றுகிறதாம். மாமியார் பேய்க்குணம் என்கிறாராம். தங்கச்சி, அது பேய் இல்லை. இரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைந்தவர்களுக்கு இப்படி மண்ணிலும் சாம்பலிலும் ஆசை வருவதுண்டு. கிளினிக்கில் குடும்பநல உத்தியோகத்தரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள், இரத்தம் பார்ப்பார்கள். கொடுக்கிற மாத்திரையை ஜாக்கெட்டுக்குள் வைத்து வேலியில் எறிய வேண்டாம். மாத்திரை விழுங்கிய கையோடு தேத்தண்ணியும் குடிக்க வேண்டாம், தேயிலைச் சாயம் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. திரிபோஷா கிடைத்தால் அதைத் தாய் சாப்பிட வேண்டும். வீடு முழுக்கப் பங்கு வைத்துவிட்டு டின்னை வழிப்பதல்ல தாயின் பங்கு.

சங்கமாக நாம் என்ன செய்யப்போகிறோம்? முதலில் மலை. காலை ஏழரை முதல் அந்தி வரைக்கும் பெண்கள் நிற்கிற மலையில் ஒதுங்க ஒரு கக்கூஸ் இல்லாத தோட்டங்கள் இன்னும் இருக்கின்றன. அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் வேலை செய்கிறோம் என்று அன்றைக்குக் கூட்டத்தில் கையை உயர்த்தியவர்கள் பாதிப் பேருக்கு மேல். மழைக்கு ஒதுங்கி உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்க ஒரு கொட்டிலும், ஒரு கக்கூசும், நிறுவைக்குக் காத்திருக்கும் நேரம் வேலை நேரமாகக் கணக்கில் எடுக்கப்படுவதும் அடுத்த பேச்சுவார்த்தையில் கிலோ கணக்கோடு ஒன்றாக மேசைக்கு வர வேண்டும். வெற்றிலை மடிக்காமலே பத்து நிமிடம் நிற்கலாம் என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

பிறகு காம்பரா. பத்துக்குப் பன்னிரண்டு அடிக்குள் ஆறேழு பேர் வாழும்போது ஒருத்தி தனியாக உட்கார எங்கே போவாள்? ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் கேட்கும்போது காணி உறுதியைப் பற்றிப் பேசுகிறோம், சரிதான். ஆனால் கொண்டி போடக்கூடிய இன்னொரு கதவு என்பதும் அந்தக் கோரிக்கையில் இருக்கிறது. கக்கூசுக்குள் பாட்டுப் பார்க்கிற தங்கச்சியைக் கேட்டால் தெரியும்.

கடைசியாகச் சங்கம். இது நம்மை நாமே கேட்க வேண்டியது. சந்தா கட்டுகிறவர்களில் பெரும்பகுதி பெண்கள். தோட்டத் தலைவர்களாக இருப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். கூட்டத்தை அந்தி ஆறு மணிக்கு வைத்துவிட்டு, பெண்கள் வருவதில்லை, அவர்களுக்கு ஆர்வம் குறைவு என்று அறிக்கை எழுதுகிறோம். அடுப்பில் உலை கொதிக்கிற நேரத்தில் ஆர்வம் எங்கிருந்து வரும்?

மனசுப் பாரம் தாங்க முடியாமல் போகிற நாட்களும் சிலருக்கு வருகின்றன. அதைத் தனியாகச் சுமக்க வேண்டாம். நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். யாரும் இல்லையென்றால் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் பேசலாம். அது தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம். பைத்தியத்துக்கான இலக்கம் என்று யாராவது சிரித்தால் அவர் சிரித்துவிட்டுப் போகட்டும்.

அடுத்த மாதர் கூட்டம் சம்பளத்துக்குப் பிறகு வருகிற ஞாயிறு, காலை பத்து மணிக்கு. அன்றைக்குத் துணி துவைப்பது வீட்டு ஆண்களின் பொறுப்பு. பகல் சாப்பாட்டையும் தோட்டக் கமிட்டித் தோழர்களே சமைப்பார்கள் என்று கமிட்டியில் முடிவாகியிருக்கிறது. இரண்டு பேர் முணுமுணுத்தார்கள், ஆனாலும் முடிவு முடிவுதான். நேற்றுத் தோழர் ஒருவர் பாடசாலை வாசலில் வந்து நின்று, நாற்பது பேருக்கு எத்தனை கிலோ அரிசி போடுவது டீச்சர், வீட்டில் கேட்கட்டுமா என்றார். வீட்டில் கேட்காமலே கண்டுபிடியுங்கள் தோழர் என்று அனுப்பியிருக்கிறோம். சோறு குழைந்தாலும் சாப்பிடுகிறோம்.