ஆளுக்கொரு சர்வர் வேண்டாம்

2022 அக்டோபரில் ட்விட்டர் கைமாறிய பின் பலர் மாஸ்டடானுக்குக் குடிபெயர்ந்தனர். அங்கே ஒரே முதலாளி இல்லை. தனித்தனிச் சர்வர்களை ஆக்டிவிட்டிபப் எனும் பொது நெறி இணைக்கிறது. உடனே நம்மவரிடையே எழும் குரல்: "நம் இயக்கத்துக்கென ஒரு சர்வர்!" ஒரே ஊரில் இரண்டு நாள் பெருநாள் கொண்டாடும் நமக்குப் பிரிவதற்கு இன்னொரு கருவியா?

நிர்வாகி நினைத்தால் மற்றொரு சர்வரையே முழுமையாகத் தடுத்துவிடலாம். அவதூறு எழுதியவர் ஒருவர். துண்டிக்கப்படுவோரோ அங்குள்ள அனைவரும். ஒருவர் குற்றத்துக்கு மற்றவரைப் பிடிப்பது நம் மார்க்கத்தின் நீதியன்று. குற்றம் செய்தவரை மட்டும் தடுக்கலாம். அதற்கும் முன்னால் சூரத்துல் ஹுஜுராத்தின் 6-ஆம் வசனம் கட்டளையிடும் விசாரணை வேண்டும். (வெறுப்பைப் பரப்பவே நடத்தப்படும் சர்வர்கள் வேறு, அவற்றைத் தடுப்பதில் நமக்குத் தயக்கமில்லை.)

வேறு சர்வருக்கு மாறிக்கொள்ளலாமே என்பர். பின்தொடர்வோர் உடன் வருவர். எழுதிய பதிவுகள் வருவதில்லை. ஓர் ஆலிம் ஆண்டுக்கணக்கில் எழுதிய விளக்கங்கள் பழைய இடத்திலேயே கிடக்கும். அதை நடத்துபவர் கட்டணம் செலுத்தாமல் விட்டால் அவையும் போயின.

ஏற்கெனவே இயங்கும் பொதுச் சர்வர்களில் சேர்வோம். தனியாகத் தொடங்கியே தீர வேண்டுமெனில், நிர்வாகக் கடவுச்சொல் ஒருவர் கையில் மட்டும் இருக்கலாகாது. பல ஜமாஅத்தினரும் அமரும் ஷூரா வேண்டும். தடை விதித்தால் காரணத்தையும் வெளியிட வேண்டும். பள்ளிவாசல் வரவு செலவுக் கணக்கைச் சுவரில் ஒட்டுகிறோமே, அதைப்போல.