கேட்காத சத்தத்துக்கு என்ன விலை? - கணபதியில் கைமாறிய ஒரு பேஸ் கிட்டார்! | கைமாறிய கதை - 11

ஒரு சின்ன சோதனை. உங்களுக்குப் பிடித்த இளையராஜா பாட்டு ஒன்றை இந்த போனின் ஸ்பீக்கரிலேயே ஒரு நிமிடம் கேளுங்கள். பிறகு இயர்போனை மாட்டிக்கொண்டு அதே ஒரு நிமிடத்தை மறுபடியும் கேளுங்கள். இரண்டாவது முறை, பாட்டுக்கு அடியில் 'தும்... தும்...' என்று தனியாக ஒன்று நடந்து போவது கேட்கிறதா? அதுதான் பேஸ் கிட்டார்.

பேஸ் கிட்டாரில் நான்கு கம்பிகள். அதில் தடித்த கம்பி விநாடிக்கு 41 முறைதான் அதிரும். சாதாரண கிட்டாரின் தடித்த கம்பி 82 முறை. அதாவது, ஒரு ஸ்தாயி கீழே. விரல்நகம் அளவுள்ள போன் ஸ்பீக்கரால் அவ்வளவு ஆழத்துக்கு இறங்க முடியாது. அதனால் நம்மில் பலர் பாட்டின் அஸ்திவாரத்தையே கேட்காமல் பாட்டு கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இந்த விஷயமெல்லாம் ஆறு மாதத்துக்கு முன்பு எனக்கும் தெரியாது. என் தம்பிக்கு பேஸ் ஆசை வந்த பிறகுதான் தெரிந்தது.

'பெங்களூரு' பேஸும் 1,500 ரூபாயும்

தம்பி காலேஜ் இரண்டாம் ஆண்டு. காலேஜ் குழுவில் பாட ஆள் இருக்கிறது, கிட்டாருக்கு மூன்று பேர் இருக்கிறார்கள், டிரம்ஸுக்கு அடிதடி. பேஸுக்கு மட்டும் ஆளே இல்லை. "நான் வாசிக்கிறேன்" என்று கை தூக்கிவிட்டு வந்துவிட்டான். வாசிக்கத் தெரியாது என்பது ஒரு பிரச்னை. வாசிக்க பேஸே இல்லை என்பது இன்னொன்று.

கடையில் விசாரித்தோம். நாங்கள் பார்த்த புதுசு 16,000 ரூபாயில் ஆரம்பித்தது. கம்பி மாற்றுவதற்கே தனியாகச் செலவாகும் என்றார்கள். அவன் கையில் இருந்தது, பகுதிநேர வேலையில் சேர்த்த 10,000. சரி, செகண்ட் ஹேண்ட் பார்க்கலாம் என்று இணையத்தில் தேடினான். பளபளவென்று ஒரு படம், விலை 6,000, ஆள் பெங்களூரு. "இன்னும் நாலு பேர் கேட்கிறாங்க, 1,500 அட்வான்ஸ் போட்டா உங்களுக்கு எடுத்து வெச்சிடறேன்" என்று மெசேஜ். போட்டான். அன்று ராத்திரியே அந்த நம்பர் அணைந்துவிட்டது.

தினமும் 'இப்படி ஏமாறாதீங்க' என்று செய்தி போடுகிற அக்கா வீட்டிலேயே இருந்தும் இது நடந்தது. சைபர் குற்றங்களுக்கான 1930 எண்ணுக்கு அழைத்துப் புகார் கொடுத்தோம். பணம் இன்னும் திரும்பவில்லை. அவன் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. 1,500 ரூபாயைவிட, 'என்னை முட்டாளாக்கிட்டானே' என்பதுதான் அவனுக்கு வலித்தது.

அம்மா இதைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிப் புலம்ப, அவர் சிரித்துவிட்டார். "அதுக்கு எதுக்குங்க பெங்களூரு? ரெண்டு வீதி தள்ளி, நம்ம லேத்துக்காரரு ஊட்டுல ஒண்ணு சும்மாதானுங்க கெடக்குது."

லேத்தும் மேடையும்

எங்கள் கணபதியைத் தெரிந்தவர்களுக்கு இது ஆச்சர்யமாக இருக்காது. சத்தி ரோட்டிலிருந்து எந்தச் சந்துக்குள் திரும்பினாலும் ஒரு லேத் பட்டறையோ, மோட்டார் வைண்டிங் கடையோ இருக்கும். பகலில் பட்டறை, ராத்திரியில் ஆர்க்கெஸ்ட்ரா என்று வாழ்ந்தவர்கள் இங்கே நிறைய. அவரும் அப்படித்தான். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். இருபது வருடத்துக்கு மேல் கோயில் நோம்பி, கல்யாண வரவேற்பு என்று கொங்கு முழுக்கச் சுற்றி வாசித்தவர்.

"ஏனுங்ணா விக்கறீங்க?" என்று தம்பி கேட்டான்.

"பன்னெண்டு பேரு போன எடத்துக்கு இப்ப அஞ்சு பேரு போறாங்க தம்பி. கீபோர்டுக்காரரு எடது கையிலயே பேஸ வாசிச்சுப் போடறாரு. அவருக்கும் அது கஷ்டந்தான். என்ன பண்றது, கல்யாணக்காரங்க அஞ்சு பேருக்குத்தானே காசு குடுக்கறாங்க?"

குறையாகச் சொல்லவில்லை. கணக்காகச் சொன்னார். கொரோனாவுக்கு முன்பு மேடை ஏறியதுதான் கடைசியாம்.

பிறகு உறையைத் திறந்தார். விலை பேச வாய் திறந்த என்னைக் கையமர்த்தினார். "மொதல்ல கொறையெல்லாம் சொல்லிப் போடறேன் கண்ணு. அப்பறம் வெல பேசலாம்."

விற்பவரே சொன்ன பாடம்

பேஸ் மட்டுமல்ல, எந்தப் பழைய கிட்டார் வாங்குகிறவர்களுக்கும் அடுத்த அரை மணி நேரம் உதவும்.

முதலில் கழுத்து. நான்கு கம்பிகளும் சேர்ந்து அதைச் சுமார் 75 கிலோ விசையில் இழுத்துக்கொண்டே இருக்கின்றன. ஒன்றரை சிமென்ட் மூட்டை பாரம்! அந்த இழுப்பைச் சமாளிக்கத்தான் கழுத்துக்குள் ஒரு இரும்புக் கம்பி இருக்கிறது. டிரஸ் ராட் என்பார்கள். கம்பியை முதல் கட்டையிலும் கடைசிக் கட்டையிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்தால், நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி இருந்தால் நல்லது. பென்சிலே நுழைந்தால் கழுத்து வளைந்திருக்கிறது. டிரஸ் ராடைத் திருகிச் சரிசெய்யலாம். ஆனால், திருகே சுற்ற மறுத்தால் அந்த கிட்டாரை விட்டுவிடுங்கள் என்றார்.

அடுத்து, ஒவ்வொரு கட்டையிலும் ஒவ்வொரு கம்பியையும் அழுத்தி வாசித்துப் பார்க்க வேண்டும். 'ஜர்ர்' என்று சத்தம் வந்தால் அங்கே தேய்மானம். இவருடையதில் நான்காம் கட்டையில் லேசாக வந்தது. அவரே வாசித்துக் காட்டினார்.

மூன்றாவது, மின்சாரப் பகுதி. கேபிளைச் செருகி, ஒவ்வொரு திருகையும் முழுக்கத் திருப்ப வேண்டும். கரகரத்தால் உள்ளே தூசு, இல்லாவிட்டால் தேய்மானம். பிக்கப் வேலை செய்யாவிட்டால் செலவு கூடும். பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி, தலைமுடி போன்ற செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுச் சுற்றிய காயில். "நம்மூரு மோட்டார் வைண்டிங்தான் தம்பி, கொஞ்சம் சன்னக் கம்பி. அவ்வளவுதான்" என்றார். கணபதிக்காரர் வாயிலிருந்து கேட்டதும் சட்டென்று புரிந்தது.

விரல் பலகையைத் தடவிக் காட்டினார். ஈட்டி மரம். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் இந்திய ஈட்டியை உலகின் பல கிட்டார் கம்பெனிகள் பயன்படுத்துகின்றன. 2017-ல் ஈட்டி இனங்கள் அத்தனையும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்ததால், கிட்டார்களை நாடு தாண்டி விற்பதே சிக்கலானது. 2019-ல் தயார் நிலையில் உள்ள இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது.

மேதைகளின் நான்கு கம்பி

இந்த வாத்தியத்துக்கு அவ்வளவு வயதில்லை. ஆள் உயரத்துக்கு இருந்த பழைய டபுள் பேஸைத் தூக்கிச் சுமக்க முடியாமல் கலைஞர்கள் தவித்த காலம். அமெரிக்காவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர், 1951-ல் தோளில் மாட்டிக்கொள்ளும் மின்சார பேஸைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். நம் ஊரில் இளையராஜாவின் பாடல்களில் அதை வாசித்தவர் சசிதரன். ஏ.ஆர்.ரஹ்மான் என்றால் கீத் பீட்டர்ஸ். பிறகு மோகினி டே. 'கோ' படத்தில் 'என்னமோ ஏதோ' பாடிய ஆலாப் ராஜுவும் ஒரு பேஸ் கிட்டாரிஸ்ட்தான்!

செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை ஒன்று, பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னியுடையது. அவர் 1961-ல் ஹாம்பர்க் நகரில் சுமார் 30 பவுண்டுக்கு வாங்கிய பேஸ், 1972-ல் லண்டனில் வேனிலிருந்து திருடு போனது. கைமாறிக் கைமாறி ஒரு வீட்டுப் பரணில் கிடந்தது. 51 வருடம் கழித்துத்தான் அவரிடம் திரும்பி வந்தது. 'யாரிடமிருந்து வந்தது?' என்று கேட்காமல் வாங்கினால், நம் வீட்டுப் பரணிலும் யாரோ ஒருவரின் இழப்பு கிடக்கலாம்.

அதனால் நாங்கள் ஒரு வேலை செய்தோம். வெள்ளைத் தாளில் தேதி, தலைப் பகுதிக்குப் பின்னால் இருந்த சீரியல் நம்பர், விலை, 'இன்னாரிடமிருந்து இன்னார் வாங்கியது' என்று எழுதி இருவரும் கையெழுத்து போட்டார்கள். போனில் படம் எடுத்துக்கொண்டோம். நீங்களும் செய்யுங்கள். விற்பவருக்கும் அது பாதுகாப்பு. விற்பவர்களுக்கு இன்னொன்று: பணம் நம் கணக்குக்கு வர யு.பி.ஐ பின் நம்பர் தேவையே இல்லை. யாராவது 'பின் போடுங்க, பணம் வரும்' என்றால், போவது உங்கள் பணம்.

எட்டாயிரத்து ஐந்நூறு

அவர் சொன்ன விலை 9,000. 'பாதியிலிருந்து கேளு' என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். எனக்கு வாய் வரவில்லை. நாங்கள் கண்டுபிடித்துக் குறைக்க வேண்டிய எல்லாக் குறைகளையும் அவரே சொல்லிவிட்டாரே! "வால்யூம் திருகு மாத்தணுமில்லீங்ணா..." என்று தம்பிதான் இழுத்தான். "அதுக்கு ஐந்நூறு கொறைச்சுக்க" என்றார். முடிந்தது பேரம். உறையும் தோள்பட்டையும் கேபிளும் இலவசம்.

"வாசி பாக்கலாம்" என்றார். தம்பி இணையத்தில் பார்த்துப் பழகிய வேகமான ஒன்றை ஆரம்பித்து, பாதியில் தடுக்கினான். அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஒரே கம்பி, ஒரே சுரம், தொடையில் தட்டுகிற தாளத்துக்கு ஐந்து நிமிடம் வாசிக்கச் சொன்னார். மூன்றாவது நிமிடத்தில் தம்பிக்கு வியர்த்துவிட்டது. "பேஸுக்காரன் தப்பா வாசிச்சா எல்லாருக்கும் தெரியும். சரியா வாசிச்சா ஒருத்தருக்கும் தெரியாது. அதுக்கு ஒத்துக்கிட்டீன்னா எடுத்துட்டுப் போ."

பணத்தை எண்ணி வாங்கிய பிறகு ஒரு நிபந்தனை போட்டார். "வாசிக்காம உட்டுட்டீன்னா பரண்ல மட்டும் போட்றாத. எனக்கு ஒரு போன் பண்ணு. நானே திருப்பி எடுத்துக்கறேன்." தாளில் அதையும் எழுதச் சொன்னார். எழுதினோம்.

வீட்டுக்கு வந்து, சின்ன ஹெட்போன் ஆம்ப்ளிஃபையரில் பழகுகிறான். சாதாரண கிட்டார் ஆம்ப்பில் பேஸைச் சத்தமாக வைத்தால் ஸ்பீக்கர் கிழியலாம் என்பது அவர் சொன்ன கடைசி எச்சரிக்கை. முதல் இரண்டு நாள் அம்மாவுக்குக் கோபம். "எட்டாயிரத்து ஐந்நூறு குடுத்து வாங்கிட்டு வந்து, சத்தமே வரலயே!"

மூன்றாம் நாள் தம்பி தன் ஹெட்போனை அம்மா காதில் மாட்டி, அவருக்குப் பிடித்த பழைய பாட்டைப் போட்டான். கூடவே அந்த பேஸை மெதுவாக வாசித்தும் காட்டினான். முழுசாக வரவில்லை, நாலைந்து இடத்தில்தான் சேர்ந்தது. அம்மா பாட்டு முடியும் வரை பேசவில்லை.

"இத்தன வருசமா இது இந்தப் பாட்டுக்குள்ளயா இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த வாரம்: பாட்டி வீட்டிலிருந்து வந்த தையல் மெஷின்!