மே மாத பில்லுக்கு மார்ச்சில் காசு

"45 நாளில் பணம் தராவிட்டால் வாங்கியவருக்கு வரி ஏறும், சிறுதொழிலுக்கு இனி நிலுவைக் கவலை இல்லை" என்கிறார்கள். 2023 நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் சேர்த்த 43பி(எச்) பிரிவைப் படித்துவிட்டுத்தான் சொல்கிறார்களா?

கெடு தாண்டிய தொகையை, அது உண்மையில் கொடுக்கப்பட்ட நிதியாண்டில்தான் செலவாகக் கழிக்கலாம். அந்தப் பிரிவு சொல்வது இவ்வளவே. திருப்பூரில் மே மாதம் சாயமேற்றிக் கொடுத்த துணிக்கு மார்ச் 31 அன்று பணம் தந்தாலும் நிதியாண்டு ஒன்றுதான். வாங்கியவருக்கு வரியில் ஒரு ரூபாய்கூட நட்டமில்லை. அந்தப் பத்து மாதமும் கடன் வாங்கிக் கூலி கொடுத்தவர் பட்டறைக்காரர்.

எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் கெடு 15 நாள்தான். தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டுவட்டி கேட்கும் உரிமையும் 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. யார் கேட்பது? கேட்டால் அடுத்த ஆர்டர் போய்விடும் என்ற பயம்தான் வாயை அடைக்கிறது. நடுத்தர நிறுவனங்களுக்கு 43பி(எச்) பொருந்தாது. எனவே ஆர்டரை அங்கே மாற்றிக்கொள்ளவும் வழி திறந்தே கிடக்கிறது.

சிறியவர் வாய் திறந்து கேட்காமலே அந்த வட்டி வசூலாக அரசு வழி செய்யட்டும். அதுவரை இதைப் பாதுகாப்பு என்று சொல்லாதீர்கள்.